தாயூற்றுக்கு அடியில்

கடலை ஒட்டிய ஒரு காட்டில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. மணல்மேடுகள் இருந்தன. அவற்றின் மேல் காற்றுக்கு வளைந்த பாலை மரங்களும் முள்புதர்களும் இருந்தன. கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கடல். மேற்கே நடந்தால் இரண்டு பகல் தூரத்துக்கு வெறும் உவர்நிலம். அதற்கு அப்பால்தான் ஓர் ஏரி.

அப்படிப்பட்ட இடத்தில் விலங்குகள் எதைக் குடித்து உயிர் வாழ்ந்தன என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்தது. அங்கே காலால் மணலைக் கொஞ்சம் விலக்கினால் போதும், தண்ணீர் சுரக்கும். இளநீர் போல இனிக்கும் தண்ணீர். கடலின் இரைச்சல் காதில் விழும் இடத்தில் இப்படி ஒரு தண்ணீர் கிடைப்பது தெய்வத்தின் கருணை என்று விலங்குகள் நம்பின. அதற்குத் தாயூற்று என்று பெயர் வைத்து, தலை தாழ்த்திய பிறகே குடித்தன.

தாயூற்றுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அங்கே யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது. உடம்பைக் கழுவக் கூடாது. குட்டி போட்ட தாய்கள் முதலில் குடிக்க வேண்டும், இறைச்சி தின்பவை கடைசியில் குடிக்க வேண்டும். மானின் முழங்கால் ஆழத்துக்கு மேல் ஊற்றைத் தோண்டக் கூடாது.

இந்தக் கடைசிக் கட்டுப்பாடு எதற்காக என்று யாருக்கும் தெரியாது. தோண்டினால் பாவம் என்று மட்டும் எல்லோரும் சொல்லி வந்தார்கள்.

ஓர் ஆண்டு ஐப்பசியில் மழை வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. கார்த்திகையில் நான்கு தூறல் விழுந்தது. மணல் நனைவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

தாயூற்றின் சுரப்பு குறைந்தது. முன்பெல்லாம் ஒரு மான் குடித்துவிட்டுத் தலை நிமிர்வதற்குள் குழி மறுபடி நிறைந்துவிடும். இப்போது நான்கு மிடறு சேர்வதற்கே வெகுநேரம் ஆனது. விடிந்ததும் வரிசையில் வந்து நின்ற முயல்களுக்கு உச்சி வெயிலில்தான் முறை வந்தது. நரிக்குப் பொழுது சாயும் வரை வரவில்லை.

அந்த வரிசையில் ஒரு காட்டுப்பன்றியும் நின்றது. நல்ல பலசாலி. மனமும் நல்ல மனம்தான். யாராவது துன்பப்பட்டால் அதற்குப் பொறுக்காது. உடனே ஏதாவது செய்தாக வேண்டும். யோசனையை எல்லாம் செய்து முடித்த பிறகுதான் வைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் அதன் முன்னால் நின்ற முயல் ஒன்று வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தது. பன்றி அதைத் தன் மூக்கால் மெல்ல நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. முயல் பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அன்று முழுவதும் பன்றிக்கு மனம் சரியாக இல்லை.

அதைவிட அதன் மனத்தை அறுத்தது வெளிமான் ஒன்றின் நிலை. அந்த மான் குட்டி போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. தாய் என்பதால் வரிசையில் அதற்குத்தான் முதல் இடம். இருந்தும் கிடைத்த தண்ணீர் பால் சுரக்கப் போதவில்லை. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்க்கும். பிறகு முட்டுவதை நிறுத்திவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பன்றி இதை மூன்று நாள் பார்த்தது. நான்காம் நாள் எல்லா விலங்குகளையும் பள்ளத்தில் கூட்டியது.

மண்ணைக் கிளறுவதற்கென்றே தனக்கு மூக்கும் கோரைப்பல்லும் இருப்பதாகவும், எல்லோரும் சம்மதித்தால் ஊற்றை ஆழமாகத் தோண்டித் தருவதாகவும் அது சொன்னது. மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. குரங்குகள் பாவம் பாவம் என்று முணுமுணுத்தன.

"ஏன் பாவம்? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நான் தோண்டவில்லை" என்றது பன்றி.

யாருக்கும் தெரியவில்லை.

அப்போது மணலில் ஒரு சின்ன வளையிலிருந்து நண்டு ஒன்று வெளியே வந்தது. அது பயந்த சுபாவம் உள்ளது. கூட்டத்துக்கு நடுவில் வரவில்லை, வளையின் வாயிலேயே நின்றது. அதன் வளை மணலுக்குள் வெகு ஆழம் இறங்கியது என்பது யாருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை.

"எனக்குத் தெரியும், பன்றி அண்ணா" என்றது நண்டு. "நீங்கள் குடிப்பது மழைத் தண்ணீர். அது மணலில் இறங்கி, கீழே இருக்கும் கடல் தண்ணீரின் மேல் படுத்திருக்கிறது, பாலின் மேல் ஆடை படிவதுபோல. முன்பு என் வளையில் என் சின்னக் காலால் நூறு அடி வைத்து இறங்கினால்தான் உப்புத் தண்ணீர் காலில் படும். இப்போது மழை இல்லாமல் ஆடை மெலிந்துவிட்டது. அறுபது அடியிலேயே படுகிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும்."

பன்றி யோசிக்க ஆரம்பித்தது. அது யோசிப்பதை நரி பார்த்தது. கடைசியில் நின்று நின்று அதற்கு அலுத்துப் போயிருந்தது. ஊற்று பெருகினால் வரிசையே வேண்டியதில்லை.

நரி நண்டிடம் மரியாதையாகவே கேட்டது. "நண்டாரே, நீங்கள் தாயூற்றில் குடித்ததுண்டா?"

"இல்லை. எனக்கு வளைக்குள் இருக்கும் ஈரமே போதும்."

"நல்ல தண்ணீரிலும் இருப்பீர்கள். உப்புத் தண்ணீரிலும் இருப்பீர்கள். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

நரி கூட்டத்தின் பக்கம் திரும்பியது. "இரண்டும் ஒன்றாக இருப்பவருக்குத் தாகத்தைப் பற்றி என்ன தெரியும்? தாய் கொடுக்கும் தண்ணீர் உப்பாகும் என்று சொல்கிறாரே, அதுதான் எனக்குப் பாவமாகப் படுகிறது."

குரங்குகள் சிரித்தன. முயல்களும் சிரித்தன. நண்டு பின்னால் நகர்ந்து வளைக்குள் போய்விட்டது. மறுபடி வெளியே வரவில்லை.

பன்றி தாய்மானைப் பார்த்தது. குட்டி அதன் கால்களுக்கு நடுவே படுத்திருந்தது. "தோண்டுங்கள், அண்ணா" என்றது மான்.

பன்றி தோண்டியது. முதல் நாளில் முழங்கால் ஆழத்தைத் தாண்டியது. இரண்டாம் நாள் பன்றியின் தோள் வரை குழி இறங்கியது. மூன்றாம் நாள் பன்றி உள்ளே நின்றால் அதன் முதுகு வெளியே தெரியவில்லை. தண்ணீர் நாலா பக்கத்திலிருந்தும் மணலைக் கரைத்துக்கொண்டு வந்து நிறைந்தது. இனிப்பான தண்ணீர்தான்.

வரிசை கலைந்தது. வேண்டியவர்கள் வேண்டிய நேரத்தில் குடித்தார்கள். குரங்குகள் குளித்தன. வேண்டாம் என்று ஒருவரும் தடுக்கவில்லை. நரி காலையிலேயே வந்து வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனது. மானுக்குப் பால் சுரந்தது. குட்டி நான்கு காலும் தரையில் படாமல் துள்ளி ஓடியதைப் பன்றி மேட்டில் நின்று பார்த்தது. அதன் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ச்சியான நாள் வேறு இல்லை.

பத்து நாள் இப்படியே போயிற்று.

பதினோராம் நாள் காலையில் தாய்மான் குட்டியை ஊற்றுக்கு அழைத்து வந்தது. குட்டி குனிந்து, மூக்கால் தண்ணீரைத் தொட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. விளையாட்டு என்று நினைத்த தாய், அதன் கழுத்தைத் தன் தாடையால் அழுத்திக் குடிக்க வைத்தது. பிறகு தானும் குடித்தது. நாக்கின் ஓரத்தில் லேசாக ஏதோ கரித்தது.

மற்றவர்களிடம் சொன்னது. மண்ணின் வாசனையாக இருக்கும் என்றன முயல்கள். குரங்குகள் இறங்கிக் கலக்கியதால் இருக்கும் என்றன மான்கள். பன்றிக்கும் கரித்தது. மேலே இருப்பது கலங்கிவிட்டது, இன்னும் கீழே போனால் தெளிந்த தண்ணீர் இருக்கும் என்று அது நினைத்தது. நண்டு சொன்னது நினைவுக்கு வந்தபோதும் நினைப்பை ஒதுக்கிவிட்டு வேகமாகத் தோண்டியது. அந்த வேகத்தில் இரண்டு நாளில் குழி ஒன்றரை மடங்கு ஆழமாயிற்று.

மூன்றாம் நாள் அந்தத் தண்ணீரை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

ஆனால் வேறு தண்ணீர் இல்லை. பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு குடித்தார்கள். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. முயல்கள் வயிற்றுப்போக்கு கண்டு புதரடியில் சுருண்டன. மணல்மேட்டில் வேறு இடங்களில் கீறிப் பார்த்தார்கள். ஈரம் மட்டும்தான் இருந்தது. மேலே மெல்லியதாக இருந்த நல்ல தண்ணீரை எல்லாம் அந்த ஒரு பெரிய குழி இழுத்துக்கொண்டுவிட்டது.

மானின் மடி மறுபடி வற்றியது. குட்டி ஊற்றுக்கு ஓடியது. இந்த முறை அது முகத்தைத் திருப்பவில்லை. தாகம் அவ்வளவு. அன்று மூன்று முறை குடித்தது. மறுநாள் எழுந்து நிற்கும்போது கால்கள் பின்னிக்கொண்டன. அதற்கு அடுத்த நாள் பாலை மரத்தடியில் படுத்த குட்டி எழவே இல்லை.

பன்றி போய்ப் பார்த்தது. தாய்மான் குட்டியின் காதை நக்கிக்கொண்டிருந்தது. மான் தலை நிமிராமலே பேசியது.

"அது முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்தான் அழுத்திக் குடிக்க வைத்தேன்."

பன்றி நின்றது. மான் அதைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பன்றிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றே விலங்குகள் மேற்கே புறப்பட்டன. இரண்டு பகல் உவர்நிலத்தைக் கடந்தால்தான் ஏரி. நோயில் கிடந்த முயல்களால் சரியாக நடக்க முடியவில்லை. அவற்றில் பாதி வழியிலேயே விழுந்தன. தாய்மான் கூட்டத்தின் கடைசியில் தனியாக நடந்து போனது. நரி எல்லோருக்கும் முன்னால் போய்விட்டது.

பன்றி போகவில்லை. அது நண்டின் வளைக்கு வந்து, வயிறு மணலில் படும்படி படுத்து, அதன் வாயருகே முகத்தை வைத்தது.

"நண்டே, உள்ளே இருக்கிறாயா?"

"இருக்கிறேன்."

"நீ சொன்னதுபோல ஆகிவிட்டது."

நண்டு வளையின் வாய்வரை ஏறி வந்தது. பிறகு மெல்லச் சொன்னது: "நான் ஒரு முறைதான் சொன்னேன், அண்ணா. சிரித்தார்கள் என்று உள்ளே வந்துவிட்டேன். இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும்."

"நீ ஒரு முறை சொன்னதே எனக்குக் கேட்டது. கேட்டும் தோண்டினேன். இப்போது என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்."

"குழியை மூடுங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள். மழை பெய்து, மேலிருந்து நல்ல தண்ணீர் அழுத்தினால் உப்பு தானாகக் கீழே இறங்கும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"எனக்குத் தெரியாது. இதற்கு முன் யாரும் இப்படித் தோண்டியதில்லை."

பன்றி குழியை மூடத் தொடங்கியது. தோண்டுவது அதற்குப் பிறவிப் பழக்கம். மூடுவது பழக்கமில்லை. மூக்கால் தள்ளிய மணலில் பாதி பின்னால் சரிந்தது. ஐந்து நாளில் தோண்டிய குழியை நிரப்ப ஒரு மாதம் ஆயிற்று. வெயிலுக்கு முன்பே எழுந்து இலைகளில் இருந்த பனியை நக்கும். கோரைக்கிழங்கைப் பறித்து அதன் சாற்றை உறிஞ்சும். எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த ஐப்பசியில் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மணல் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டது. மழை நின்றதும் நண்டு கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, எழுபது அடியில் உப்பு படுகிறது என்றது. போதாது என்றும் சொன்னது.

மழைச் செய்தி கேட்டு முதலில் திரும்பி வந்தது நரிதான். ஏரிக்கரையில் அதற்கு இடம் கிடைக்கவில்லையாம், கழுதைப்புலிகள் விரட்டிவிட்டனவாம். வந்தவுடன் பள்ளத்தில் இறங்கி மணலைக் கீறப் போனது. பன்றி குறுக்கே வந்து நின்றது.

"மழைதான் பெய்துவிட்டதே" என்றது நரி. "ஒரு முழங்கால் அளவுதானே? அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதுதான்."

"இன்னும் பொறுக்க வேண்டும்."

"யார் சொன்னது? அந்த நண்டா?"

"ஆமாம். அந்த நண்டு."

நரி பன்றியின் கோரைப்பல்லைப் பார்த்தது. அதன் கண்களையும் பார்த்தது. பிறகு பள்ளத்தை விட்டு வெளியேறி, பாலை மரப் பொந்துகளில் தேங்கிய மழைத்தண்ணீரைத் தேடிப் போனது.

அடுத்த ஆண்டும் மழை பெய்தது. மார்கழி பிறந்த ஒரு காலையில் நண்டு வளைக்கு வெளியே வந்தது. இந்த முறை வாயிலில் நிற்காமல் பன்றியின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நூற்றுப் பத்து அடி இறங்கிவிட்டேன், இன்னும் உப்பு காலில் படவில்லை என்று சொன்னது.

பன்றி மணலை முழங்கால் ஆழத்துக்கு விலக்கியது. தண்ணீர் சுரந்தது. அது நாக்கின் நுனியால் ஒரு முறை தொட்டுப் பார்த்தது. கரிக்கவில்லை. அதற்கு மேல் குடிக்காமல் மேற்கே நடந்தது.

இரண்டு பகல் நடந்து ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. தாயூற்று தெளிந்துவிட்டது என்று விலங்குகளிடம் சொன்னது. யாரும் எழுந்திருக்கவில்லை. இந்தப் பன்றியின் பேச்சை ஒரு முறை நம்பியது போதாதா என்று குரங்கு ஒன்று வாய்விட்டே கேட்டது. அதுவும் நியாயமான கேள்விதான் என்று பன்றிக்குப் பட்டது.

தாய்மான்தான் முதலில் எழுந்தது. அதனிடம் புதிதாக ஒரு குட்டி இருந்தது. தாய் பன்றியைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. குட்டியைக் கூட்டிக்கொண்டு கிழக்கே நடக்கத் தொடங்கியது. அதைப் பார்த்து மற்ற மான்கள் எழுந்தன. பிறகு முயல்கள். கடைசியில் குரங்குகளும் வந்தன.

ஊற்றை அடைந்ததும் தாய்மான் குட்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் இறங்கியது. தலை தாழ்த்தியது. ஒரு மிடறு குடித்தது. வெகுநேரம் காத்திருந்தது. இன்னொரு மிடறு குடித்து மறுபடி காத்திருந்தது. வெயில் ஏறியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அது திரும்பிக் குட்டியை அழைத்தது. குட்டி வந்து குனிந்தது. தண்ணீரை முகர்ந்தது. பிறகு நிறுத்தாமல் குடித்தது.

இது நடந்து சில மாதம் சென்று, வடக்கேயிருந்து காட்டுக்குதிரைக் கூட்டம் ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. அவர்கள் இருந்த இடத்தில் புல் இல்லாமல் போய்விட்டதாம். மூத்த பெண்குதிரை ஊற்றையும் வரிசையையும் பார்த்தது. தன் கூட்டத்தில் பதினெட்டு உருப்படிகள் இருப்பதாகவும், தங்கள் குளம்புகளுக்கு இந்த மணல் ஒரு பொருட்டில்லை என்றும், இன்னும் ஆழமாகத் தோண்டினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்குமே என்றும் சொன்னது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்லதற்காகத்தான் சொன்னது.

பாவம் என்று சொல்ல ஒரு குரங்கு வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. எல்லோரும் பன்றியைப் பார்த்தார்கள்.

பன்றி வரிசையிலிருந்து முன்னால் வந்தது. "தோண்டக் கூடாது. கீழே கடல் இருக்கிறது. நான் தோண்டினேன், அது மேலே வந்தது" என்றது. அத்தோடு நிறுத்திவிட்டது.

வரிசையின் முன்னால் நின்ற தாய்மான் திரும்பியது. ஏரிக்கரைக்குப் போன நாளிலிருந்து அது பன்றியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"முழுவதையும் சொல்லுங்கள், அண்ணா" என்றது.

பன்றி தலை குனிந்தது. பிறகு நிமிர்ந்து, நண்டு சொன்னதையும், தான் கேட்காததையும், முதல் நாளே முகத்தைத் திருப்பிக்கொண்ட குட்டியையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னது. சொல்லி முடிக்கும் வரை மான் அதன் பக்கத்திலேயே நின்றது.

நீதி: நீ அறியாத ஆழத்தில் கை வைக்கும் முன், அந்த ஆழத்தில் வாழ்பவர் எவ்வளவு சிறியவரானாலும் அவர் சொல்லைக் கேள்.